காருக்குக் காஸ் பிடித்த கோடை

போன கோடையில் எங்கள் வீட்டுக்கு அதிகத் தடவை வந்து போனவர் யார் என்று கேட்டால், காருக்கு ஏசி காஸ் பிடிக்கிறவர்தான். கூடப் பிறந்தவர்கள்கூட அத்தனை தடவை எட்டிப் பார்க்கவில்லை. அவருடைய மோரில் எத்தனை கல் உப்புப் போட வேண்டும் என்பதுவரை எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ஆனால் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது மூன்றாவது தடவையில்தான்.

எனக்குக் கூச்சம் அதிகம். நல்ல அடக்கம் என்று சங்கரன்கோவிலில் நாலு பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அடக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. வெளி ஆட்கள் முன்னால் வாய் வராது, அவ்வளவுதான். ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது கண்டக்டரிடம் "இங்கன இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளிப் பனவடலிசத்திரத்தில் கூட்டமாக இறங்குகிறவர்களோடு இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். காலாற நடக்க வேண்டும்போல இருந்தது என்று சொன்னேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் காலாற நடப்பவளை யாரும் சந்தேகப்படவில்லை.

இப்படிப்பட்டவளுக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஐந்தாவது வரை படித்த எழுத்து கையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது எதிரே யாரும் நின்று வாயைப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் நாலு விசைத்தறி வைத்து ஓட்டியவர். முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குள் இருந்ததால் மற்றவர்கள் பேசுவது அவர் காதில் சரியாக விழாது என்று டாக்டர் சொன்னார். என்னிடம் கேட்டிருந்தால், கல்யாணத்துக்கு மறுநாளே அப்படித்தான் இருந்தார் என்று சொல்லியிருப்பேன். தறிகளைக் கொடுத்துவிட்டு, முடிந்த மட்டும் பேரம் பேசி ஒரு வெள்ளைக் காரை வாங்கினார். பழைய கார்தான். ஆனால் அதைப் பழைய கார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. "டாக்டர் ஓட்டுன வண்டி" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த டாக்டர் ஏன் விற்றார் என்று கேட்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

கோவில் வாசலில் பூஜை போட்டுச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு விட்டிருக்கலாம். தெருவில் எல்லோருடைய கண்ணும் நம் வண்டிமேல்தான் என்று அவருக்கு ஓர் எண்ணம். எதிர் வீட்டுக்காரர் வைத்திருந்தது எங்கள் காரைவிடப் புதுசு, பெரிசு. அவருடைய கண் எதற்கு எங்கள் கார்மேல் வரப்போகிறது? இருந்தாலும் வெள்ளிக்கு வெள்ளி ஓர் எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. கோப்பது என் வேலை. காரின் முன்பக்கத்தில் காற்றுப் போகிற ஜாலியில் கட்டுவது அவர் வேலை.

முதலில் நூலில்தான் கோத்தேன். தெரு ஆடுகள் வந்து இழுத்துப் போட்டுவிட்டுப் போயின. அவற்றுக்கு எங்கள் கண்ணேறு பயமில்லை. மூன்றாவது வாரம் என் வீட்டுக்காரர் தறிக்கூடத்தில் மிஞ்சிக் கிடந்த மெல்லிய இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தார். ஜாலி இடுக்கு வழியாக உள்ளே விட்டு, கையால் துழாவி, எதையோ சுற்றி வெளியே இழுத்து, குறடு வைத்து முறுக்கினார்.

"ஏட்டி, இங்கன பாரு. உள்ளுக்குள்ள கெட்டியா ஒண்ணு ஓடுது. அதுலயே சுத்திட்டேன். இனிமே ஆடு இல்ல, ஆனையே வந்து இழுத்தாலும் வராது."

ஆனை வரவில்லை. அதுமுதல் வாராவாரம் நான் பழையதை எடுத்துப் புதியதை மாட்டுவேன், அவர் குறடோடு வந்து கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவார். தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. முறுக்கு என்றால் முறுக்குதான்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். அவளே எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவள். பாளையங்கோட்டையில் கட்டிக் கொடுத்தோம். அவளுக்கு ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. அந்த ஒன்பது வருஷமும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிறவர்கள், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "மகளுக்கு ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். எனக்குத்தான் வாய் வராதே, சிரித்துக்கொண்டு நிற்பேன். கேட்டவர்கள் திருப்தியாகச் சாப்பிடப் போவார்கள். பத்தாம் வருஷம் உண்டானாள்.

ஆறாவது மாதம், பங்குனிக் கடைசியில், ரெண்டு நாள் வைத்திருந்து அனுப்பலாம் என்று அவளைக் கூட்டிவரப் போனோம். கிளம்பும்போது ஏசி குளிரத்தான் செய்தது. தேவர்குளம் தாண்டியதும் வந்த காற்றில் குளிரும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுப்பை ஊதுகிற காற்று மாதிரி இருந்தது. மகள் கண்ணாடியை இறக்கப் போனாள்.

"இறக்காத மக்கா! இருக்குற குளிரும் போயிரும்" என்றார் அவர்.

இருக்கிற குளிர் எது என்று நான் தேடிப் பார்த்தேன். என் மடியில் இருந்த மல்லிகைப்பூ வதங்கிக் கருத்துக்கொண்டிருந்தது. நாலு கண்ணாடியும் ஏற்றி மூடி, இல்லாத குளிரைப் பாதுகாத்துக்கொண்டே பனவடலி வரை வந்தோம். அங்கே மகள் "எம்மா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று என் தோளில் சாய்ந்தாள். அப்புறம் பேச்சு இல்லை.

ரோட்டோரம் பனை நிழலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர்தான் செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பிள்ளைத்தாச்சியப் பூட்டி வச்சா கூட்டிட்டு வருவீய?" என்று ஒரு போடு போட்டார். தண்ணீர் தெளித்து, நுங்கைத் தோண்டிக் கொடுத்து, அவள் கண் திறந்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. என் வீட்டுக்காரர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு முன்பக்கம் போய் நின்று எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"கண்ணுதான். பாரு, பழம் எப்படிக் கருத்துப் போயிருக்கு. எல்லாத்தையும் இதுதான் வாங்கியிருக்கு."

மகள் வாங்கியது போக மிச்சத்தைப் பழம் வாங்கியிருக்கும்போல.

நாங்கள் வீடு வந்து சேருமுன்னே சேதி பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. மகளின் மாமியார் போன் செய்தார்.

"மதினி, நான் தப்பாச் சொல்லுதேன்னு நினைக்காதீங்க. ஒம்பது வருசம் கழிச்சு உண்டாயிருக்கா. இன்னொருக்க அந்த வண்டியில அனுப்ப எனக்கு மனசு இல்ல. வளைகாப்பு முடிஞ்சதும் பிரசவத்தையும் இங்கனயே பாத்துக்கிடுதோம். ஆஸ்பத்திரியும் பக்கத்துலதான இருக்கு."

"அதுவும் நல்லதுதான மதினி" என்றேன்.

நான் சொல்ல நினைத்தது அது இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஊர் உலகமே வைத்திருக்கிறது; என் மகளுக்கு மட்டும் ஒரு காரின் காற்று முடிவு பண்ண வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். பழைய நூல் சேலைகளை மூன்று தண்ணீரில் அலசிக் கிழித்து, பிள்ளைக்கு என்று மடித்து வைத்திருக்கிறேனே, அதை என்ன செய்ய என்றும் கேட்க நினைத்தேன். வாய் "நல்லதுதான மதினி" என்று முடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் மறுநாள் போனில் பேசிச் சம்பந்தியம்மாளைப் பாதி வழிக்கு இறக்கினார். சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அன்றைக்கே கூட்டிப் போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அதைச் சம்பந்தியம்மாள் போனுக்கு வெளியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "நான் முதல்ல வண்டியில ஏறி உக்காந்து பாப்பேன் அண்ணாச்சி. குளிர்ந்தாப் பிள்ளை வருவா. இல்லைன்னா பலகாரத்த எறக்கி வச்சிட்டு நீங்க ரெண்டு பேரும் போங்க."

வாடகைக்கு ஒரு நல்ல கார் பிடித்துக்கொள்ளலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். "நம்ம வீட்டு வாசல்ல டாக்டர் ஓட்டுன வண்டி நிக்கி. வாடகை வண்டியில போயி இறங்கவா?" என்று கேட்டார். மகள் வருவதைவிட வண்டி போய் இறங்குவது முக்கியம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காஸ் பிடிக்கிறவர் முதல் தடவை வந்தது அந்த வாரம்தான். கடைக்கு நாம் போக வேண்டாம். போன் போட்டால் ஒரு குட்டி லோடு வண்டியில் அவரே வீட்டுக்கு வந்துவிடுவார். பின்னால் ஒரு சிலிண்டர், ஒரு தராசு, ஒரு பம்ப், கடிகாரம் மாதிரி இரண்டு மீட்டர்கள், அவற்றிலிருந்து தொங்கும் சிவப்பு, நீல ரப்பர்க் குழாய்கள். முன்மூடியைத் திறந்து குழாயை மாட்டிவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. டாக்டர் வண்டி அல்லவா, வைத்தியமும் அப்படித்தான்.

நான் ஜன்னல் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, காஸுன்னா பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற சாமான் இல்ல. மூடுன குழாய்க்குள்ளயே கொஞ்சம் எண்ணெயோட சேந்து சுத்திச் சுத்தி வாரது. குறைஞ்சிருக்குன்னா எங்கனயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒரு நாள் கடைக்குக் கொண்டாங்க. பம்பரக் கழட்டிப் பாத்துருவோம்."

"பம்பரக் கழட்டவா? இது டாக்டர் ஓட்டுன வண்டிவே."

"டாக்டர் வண்டியும் ஒழுகும் அண்ணாச்சி."

"ஒழுகலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு பட்டிருக்கு. நீரு காஸைப் பிடியும்வே."

அவர் பிடித்தார். கார் மார்கழி மாதிரி குளிர்ந்தது. என் வீட்டுக்காரர் என்னை ஏற்றிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர் வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். பார்த்தாயா, பார்த்தாயா என்று வழியெல்லாம் கேட்டார். பார்த்தேன் என்று சொன்னேன். பத்து நாளில் மறுபடியும் அடுப்புக் காற்று.

இதற்கு அவர் கண்டுபிடித்த பரிகாரம், பழம் ஒன்று போதாது என்பது. இரண்டு பழம், பதினான்கு மிளகாய். பாரம் கூடியதால் கம்பிக்கு இரண்டு முறுக்கு அதிகம்.

இரண்டாவது தடவை வந்தபோது காஸ்காரருக்கே மனசு கேட்கவில்லை. நிரப்பிய பிறகு ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து, குழாய் மூட்டுகளில் எல்லாம் பீய்ச்சிப் பார்த்தார். ஒழுகினால் நுரை குமிழி விடும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக வந்தார். அடுப்புச் சிலிண்டரை மாற்றும்போது நானும் சோப்பு நுரை தடவித்தான் பார்ப்பேன். இதில் புரியாதது ஒன்றும் இல்லை. இங்கே இல்லை, அங்கேயும் இல்லை என்று சொல்லிக்கொண்டு முன்பக்கம் வந்து ஜாலிக்கு முன்னால் குனிந்தவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல சாமி காரியம் கட்டியிருக்கே. நான் தொடப்படாது."

"தொட்டுராதீரும்வே! வண்டி மேல உள்ள கண்ணு பூரா உமக்கு வந்துரும்."

"ஐயோ, எனக்கு எதுக்கு அண்ணாச்சி? எங்கிட்ட இருக்கதே போதும்."

அடுத்தவர் வீட்டில் கண்ணேறு கழிக்கக் கட்டியதை எங்கள் பக்கத்தில் யாரும் கையால் தொடமாட்டார்கள். தாண்டக்கூட மாட்டார்கள். அவரும் தொடவில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு வண்டி முழுவதும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்துப் போனார்.

எட்டு நாள் குளிர்ந்தது. வளைகாப்புக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் குளிர் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் காஸ்காரருக்கு மூன்றாவது போன் போனது. நான் வழக்கம்போலப் பழைய பழங்களை எடுக்க வாசலுக்குப் போனேன். அதை வெறுங்கையால் எடுக்கக்கூடாது என்பதால் எப்போதும் ஒரு பழைய செய்தித்தாளால் பிடித்து உருவி, அப்படியே பொட்டலமாகச் சுருட்டி முச்சந்தியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். அன்றைக்குப் போடப் போகும்போது பொட்டலம் கையில் ஒட்டியது. பிரித்துப் பார்த்தேன். காகிதம் பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி எண்ணெய் ஊறி, மறுபக்கத்து எழுத்து தெரிந்தது.

போன வாரமும் அப்படித்தான் ஒட்டியது. அதற்கு முந்தின வாரமும். கண்ணேறு இறங்கினால் பழம் கருக்கும், வாடும், அழுகும்; இதெல்லாம் எனக்குத் தெரியும். கண்ணேறுக்கு எண்ணெய் எங்கே இருந்து வருகிறது? நாற்பது வருஷம் எண்ணெய்ச் சட்டி கழுவியவளுக்கு எண்ணெய்ப் பிசுக்குத் தெரியாதா? பழத்துக்குப் பின்னால், கம்பி போகிற இடுக்கில், ஒரு கைப்பிடி அகலத்துக்குத் தூசியும் எண்ணெயும் அப்பிப்போய் இருந்தது. காரில் வேறு எங்கும் இல்லை. சோப்பு நுரை போகாத இடமும் அது ஒன்றுதான்.

கோத்தது நான். மகளுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோத்தது வேறு.

வீட்டுக்காரரிடம் சொல்லப் போனேன். அவர் சம்பந்தியம்மாளோடு போனில் இருந்தார். "ஞாயித்துக்கிழமை வண்டியில ஏறும்போது ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவ்வளவு குளிரும்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, "ஏங்க, அந்தப் பழத்துல எண்ணெய்" என்று தொடங்கினேன். அவர் கையை ஆட்டினார். முடிந்தபிறகு மறுபடியும் சொன்னேன்.

"எண்ணெய் இல்லையா? செட்டியார் கடையில வாங்கிக்கிடு" என்றார்.

டாக்டர் சொன்ன காதுக் காரணம் சரிதான் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

அதற்குள் காஸ்காரர் வந்து, குழாயை மாட்டி, சிலிண்டரைத் தராசில் ஏற்றிவிட்டார். நான் மோர்ச் செம்போடு கதவுக்குப் பின்னால் நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வரி. பழம் கட்டுகிற இடத்தில் பாருங்கள். நாலு வார்த்தை. தொண்டைவரை வந்தது. அவர் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. இரண்டு தடவை இப்படி வந்து போனது. இந்த வாயோடுதான் பனவடலியிலிருந்து நடந்து வந்தவள் நான்.

அவர் மீட்டரைக் கழற்றிச் சுருட்டினார். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமைக்குத் தாங்கும். அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார். "ஞாயித்துக்கிழமை தாங்குனாப் போதும்வே" என்றார் என் வீட்டுக்காரர். போன தடவை எட்டு நாள், இந்தத் தடவை ரெண்டு நாள் என்று போய்விட்டால்? சம்பந்தியம்மாள் ஏறி உட்காரும்போது குளிர்ந்து, திரும்பி வரும்போது தேவர்குளத்தில் நின்றுவிட்டால்? என் மகளுக்கு இப்போது ஏழாவது மாதம்.

உள்ளே போனேன். பாத்திரம் கழுவுகிற சோப்பை ஒரு கிண்ணத்தில் போட்டு நுரை பொங்கக் கலக்கினேன். எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, இரண்டு ஆம்பிளைகளுக்கும் நடுவில் போய், ஒரு வார்த்தை பேசாமல் ஜாலி இடுக்கில், கம்பி போகிற இடத்தில் அவ்வளவையும் ஊற்றினேன்.

"ஏட்டி! கிறுக்குப் பிடிச்சிட்டா உனக்கு?"

அவர் கத்தியதைக் கேட்டு எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஆனால் நுரை என்னைக் கைவிடவில்லை. கம்பி சுற்றியிருந்த இடத்தில் முதலில் ஒரு குமிழி வந்தது. பிறகு அது ஊதி உடைந்து இன்னொன்று. அப்புறம் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரிய ஆரம்பித்தது.

காஸ்காரர் மண்டிபோட்டு, டார்ச் அடித்து, முகத்தை ஜாலியில் ஒட்டவைத்துப் பார்த்தார். பழம்தான் இப்போது இல்லையே, வெறும் கம்பிதானே. தைரியமாக விரலை விட்டார்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. இது கம்பி கட்டுறதுக்கு வச்ச கம்பம் இல்ல. காஸ் போற குழாய். அலுமினியம். வெண்டைக்காய் மாதிரி மெத்துன்னு இருக்கும். இதுல போயி இரும்புக் கம்பியச் சுத்தி வாரா வாரம் இறுக்குனா என்ன ஆகும்? வண்டி ஆட ஆட ரம்பம் மாதிரி அறுத்துருக்கு."

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "அது ஆட்டுக்காகக் கட்டுனது" என்றார்.

"ஆடு தப்பிச்சுட்டு அண்ணாச்சி. இத யாரு கட்டுனா?"

"இவதான். வெள்ளிக்கிழமை தவறாமக் கட்டுவா."

நாற்பது வருஷமாக நான் சொன்ன யோசனைகளையெல்லாம் தன் யோசனை என்று ஊருக்குச் சொன்னவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு வேலையின் பெருமையை முழுசாக எனக்குக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வாய் வந்துவிட்டது.

"கோக்கது நான். முறுக்குறது அவிய" என்றேன். காஸ்காரர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். மீசை வைத்த, கொஞ்சம் களைத்த முகம்.

அவர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். "ஆச்சி, இத ஒரு மாசத்துக்கு முன்னால வந்து ஊத்தியிருந்தா எனக்கு மூணு நடை மிச்சம்."

"நீங்க சாமி காரியம்னு தொடலையேய்யா."

"அதுவும் சரிதான்" என்றார். என் வீட்டுக்காரருக்கு அதற்குள் வெயில் தாங்கவில்லை; வீட்டுக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை முழுவதும் கார், காஸ்காரரின் கடையில் பம்பர் இல்லாமல் நின்றது. டாக்டர் வண்டியின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று இவர் முகம் வாடிப்போனார். புதுக் குழாய் மாட்டி, பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி, ஒழுகவில்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் நாலாவது தடவையாகக் காஸ் ஏறியது. சாயங்காலம் நான் புதுப்பழம் ஒன்று கோத்தேன். நூலில்தான். காருக்குள் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். கம்பி முறுக்குகிற குறட்டைப் பரணில் ஏற்றிவிட்டேன். எங்கே என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நல்லபடி முடிந்தது. மகள் இரண்டு கை நிறைய வளையலோடு நின்றாள். சம்பந்தியம்மாள் சொன்ன சொல் மாறாதவர். பட்டுச் சேலையோடு வந்து காரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நாங்கள் எல்லோரும் வெயிலில் நின்றோம். உள்ளே அவர் காற்று வருகிற துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கால்மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பயந்து மாப்பிள்ளை கண்ணாடியைத் தட்டினார்.

"குளிரத்தான் செய்யுது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். "என்ன கோளாறு அண்ணாச்சி?"

"முன்னால ஒரு குழாய் ஒழுகிட்டு மதினி. பழத்துல எண்ணெயப் பாத்ததுமே எனக்கு ஒரு சந்தேகம். சோப்புத் தண்ணிய ஊத்துனேன், குமிழி விட்டுட்டு" என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் தயங்காமல்.

ஊற்றியவள் பக்கத்தில் பலகாரத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். குழாய் எப்படி ஒழுகியது என்று சம்பந்தியம்மாள் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு மட்டும் "இவதான்" என்று பதில் வந்திருக்கும். கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்து என் கையில் கொடுத்து, "பாத்துக்கிடுங்க மதினி" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒன்பது வருஷம் அவருக்கும்தானே.

வழியில் மகள் என் காதருகில் கேட்டாள்: "எம்மா, நெசமாவே அப்பாதான் கண்டுபிடிச்சாவளா?"

"ஆமா. ரொம்ப நுணுக்கமான ஆளு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வளையல் குலுங்கச் சிரித்தாள். மானூர் தாண்டியது, தேவர்குளம் தாண்டியது. நான் துவாரத்துக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டே வந்தேன். குளிர் நிற்கவில்லை. மகள் சுருண்டு என் முந்தானையை இழுத்து வயிற்றோடு போர்த்திக்கொண்டாள்.

"எம்மா, குளிருது. கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்."

சொன்னேன். முன்சீட்டில் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

பனவடலி வந்தது. பனை நிழலில் அதே நுங்குக்காரர். வெள்ளைக் காரைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, கையில் செம்போடு எழுந்துவிட்டார். பாவம், இந்தத் தடவையும் தெளிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பார். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

"இன்னைக்கு வேண்டாம்யா! பிள்ளை நல்லா இருக்கா!"

நடு ரோட்டில் நான் போட்ட அந்தச் சத்தம் எனக்கே புதுசு. அவர் செம்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். வெக்கைக் காற்று முகத்தில் அடித்தது. மகள் "அப்பாடா" என்று போர்த்தியிருந்த முந்தானையை விலக்கினாள்.

இது மட்டும் முன்சீட்டுக்குக் கேட்டுவிட்டது.

"ஏட்டி, கண்ணாடிய ஏத்து! இருக்குற குளிரும் போயிரும்!"